கோக்கனி: பெரிய மீன் கிடைப்பது ஏன் சில ஏரிகளில் கெட்ட செய்தி?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கூட்னே என்றொரு மலை ஏரி இருக்கிறது. வடக்கு தெற்காகச் சுமார் 100 கிலோமீட்டர் நீளம். அங்கே 2015இல் கோக்கனி என்ற சிறிய மீனைப் பிடிக்கத் தடை வந்தது. ஐந்து வருடம் கழித்து, 2020இல், அதே ஏரியில் ரெயின்போ ட்ரவுட், புல் ட்ரவுட் என்ற, மற்ற மீன்களைத் தின்னும் வேட்டை மீன்களைப் பிடித்துத் தலையைக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்குப் பரிசுத் திட்டம் ஒன்று தொடங்கியது.

கூட்னேயின் ரெயின்போ ட்ரவுட் சாதாரண மீன் கிடையாது. ஜெரார்ட் என்று பெயர் பெற்ற வகை, 10 கிலோவைத் தாண்டி வளரும். அதற்காகவே தூர தேசங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். அந்த மீனைக் கொன்று தலையைக் கொடு என்றார்கள். ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளமுள்ள கோக்கனியைத் தொடாதே என்றார்கள். வேறு சில ஏரிகளிலோ கோக்கனியை நாளொன்றுக்குப் பத்து, பதினைந்து என்று எடுத்துப்போகலாம். முதன்முறை தூண்டில் உரிமம் வாங்குபவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும். விதிப்புத்தகத்தில் எண்கள் இருக்கும், காரணம் இருக்காது. அந்தக் காரணத்தை ஏரியின் அடித்தளத்திலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

கோக்கனி என்ன மீன்?

சாக்கை என்ற சால்மன் மீனின் ஏரிவாசி வடிவம்தான் கோக்கனி. இரண்டும் ஒரே இனம். அறிவியல் பெயர் ஒன்கோரிங்கஸ் நெர்கா. சாக்கை நன்னீரில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். கோக்கனி கடலைப் பார்ப்பதே இல்லை. கடைசிப் பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கியபோது உருவான ஏரிகளில், கடலுக்குப் போகும் வழி அடைபட்டோ, வழி இருந்தும் போகாமலோ தங்கிவிட்ட மீன்களின் சந்ததி இது. இப்படி ஒரு முறை மட்டும் நடக்கவில்லை. பல ஏரிகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், அமெரிக்காவின் வாஷிங்டன், ஐடஹோ, அலாஸ்கா மாநிலங்களிலும், பசிபிக்கின் மறுகரையில் ஜப்பானிலும் ரஷ்யாவின் கம்சட்காவிலும் இதற்குப் பூர்வீக ஏரிகள் உண்டு. பெயர் உள்நாட்டு சேலிஷ் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது, பொருள் சிவப்பு மீன்.

ஏரியில் இருக்கும்வரை அது சிவப்பாக இருக்காது. வெள்ளி நிறம், நீலம் கலந்த முதுகு. மூன்று அல்லது நான்கு வயதில், கோடை முடியும் சமயத்தில், உடல் சிவந்து தலை பச்சையாகும். ஆண் மீனுக்கு முதுகு கூனி, தாடை கொக்கி போல வளையும். ஓடைக்கு ஏறி, பெண் மீன் வாலால் கூழாங்கல்லைத் தோண்டிப் பள்ளம் செய்து முட்டையிடும். அப்புறம் எல்லாம் செத்துப்போகும். ஒன்றுகூடத் தப்பாது. செப்டம்பர், அக்டோபரில் ஓடைக்கரைகளில் செத்துக்கிடக்கும் சிவப்பு மீன்களைப் பார்த்து, நோயா, தண்ணீரில் விஷமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் இல்லை. முட்டையிடும் பருவத்தில் கோக்கனி இரை எடுப்பதை நிறுத்திவிடும், குடல் சுருங்கிவிடும், தன் தசையையே எரித்து ஓடையேறும். அழுகும் உடல்கள் அந்த ஓடைக்கே உரமாகும்.

சிவப்பு நிறத்துக்குப் பின்னால் ஒரு நுட்பம் இருக்கிறது. கேரட்டுக்கு நிறம் தரும் குடும்பத்தைச் சேர்ந்த நிறமிகள்தான் இங்கேயும். சாக்கைக்குக் கடலில் அவை தாராளமாகக் கிடைக்கும். ஏரியில் மிகக் குறைவு. சாக்கையின் குஞ்சு கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வளர்ந்து பருவம் அடைந்தால் அது சிவக்காமல் பச்சையாகவே நிற்கும். கோக்கனி மட்டும் அதே ஏரியில், அதே உணவில் சிவக்கும், ஏனென்றால் அந்த நிறமியை உணவிலிருந்து பிரித்தெடுக்கும் திறன் அதன் உடலில் தலைமுறை தலைமுறையாகக் கூடியிருக்கிறது. கொஞ்சம் கிடைப்பதை வைத்து நிறைய செய்யும் மீன் அது.

அது சாப்பிடுவது என்ன?

மற்ற எல்லாமே இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. ட்ரவுட்கள் பூச்சியைத் தின்னும், வளர்ந்தபின் மற்ற மீன்களைத் தின்னும். கோக்கனி வாழ்நாள் முழுக்க மிதவை உயிர்களைத் தின்னும்: தண்ணீரில் மிதந்து திரியும், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் உயிரிகள். அவற்றில் முக்கியமானது டாப்னியா. அரிசிமணியைவிடச் சிறியது, தெள்ளுப்பூச்சி மாதிரி துள்ளும். கோக்கனியின் செவுளுக்குள் சீப்பு போல நெருக்கமான முட்கள் உண்டு, வாய்க்குள் வரும் சின்ன இரை வெளியேறாமல் அவை பிடித்துக்கொள்ளும்.

டாப்னியா தின்பது பாசித் துகள்களை. பாசி வளர பாஸ்பரஸும் நைட்ரஜனும் வேண்டும். இங்கேதான் மலை ஏரியின் குணம் வருகிறது. பாறையிலிருந்தும் பனியிலிருந்தும் இறங்கும் தண்ணீரில் சத்து குறைவு. சத்து குறைந்தால் பாசி குறையும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் அந்தத் தெளிவு வறுமையின் அடையாளம். 501 மீட்டர் ஆழமுள்ள டாஹோ ஏரியில், அமெரிக்காவின் சியெரா நெவாடா மலையில், ஒரு காலத்தில் 30 மீட்டர் ஆழத்தில் தொங்கவிட்ட வெள்ளைத் தட்டு மேலிருந்து பார்த்தால் தெரியும். அவ்வளவு குறைவாகத்தான் அங்கே பாசி இருந்தது.

எண்ணிக்கையா, உருவமா?

ஏரியில் ஒரு வருடத்துக்கு இவ்வளவு டாப்னியா என்று ஓர் அளவு உண்டு. அதை எத்தனை வாய் பங்கிடுகிறது என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு மீனின் வளர்ச்சி. கோக்கனி வாலிபத்தில் இடத்துக்காகச் சண்டை போட்டு ஒன்றையொன்று விரட்டும் மீன் இல்லை. கூட்டமாகத் திரிந்து ஒரே சட்டியில் சாப்பிடும். ஆகவே கூட்டம் பெருத்தால் எல்லாமே குட்டையாகும்.

1. கூட்டம் அதிகம், மீன் சின்னது. இருபது, இருபத்திரண்டு சென்டிமீட்டரிலேயே பருவமடைந்து செத்துப்போகும். இப்படிப்பட்ட ஏரியில்தான் ஒருவர் ஒரு நாளில் எத்தனை மீன் எடுக்கலாம் என்ற வரம்பை அதிகாரிகள் உயர்த்துகிறார்கள். பிடித்துக் குறைத்தால் மிச்சம் இருப்பவை வளரும்.

2. கூட்டம் நடுத்தரம், மீன் நடுத்தரம். முப்பது, முப்பத்தைந்து சென்டிமீட்டர். தூண்டில்காரர்களுக்கும் ஏரிக்கும் ஒருசேர நல்ல நிலை. பெரும்பாலான நிர்வாகத் திட்டங்கள் இதைத்தான் குறிவைக்கின்றன.

3. கூட்டம் குறைவு, மீன் பெரியது. இதுதான் ஏமாற்றும் நிலை. படகில் ஏறுபவை எல்லாம் அரை மீட்டரை நெருங்கும். படம் எடுத்துப் பகிர்வார்கள், இந்த வருடம் பிரமாதம் என்பார்கள். ஏரிக்குள்ளே பங்குதாரர்கள் குறைந்துபோனதால்தான் மிஞ்சியவை கொழுத்திருக்கின்றன. அடுத்த ஓரிரு வருடத்தில் படகுகள் வெறுங்கையோடு திரும்பக்கூடும்.

உணவு தாராளமாகக் கிடைத்தால் இந்த மீன் எவ்வளவு வளரும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 2010 ஜூனில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வல்லோவா ஏரியில் சுமார் 4.4 கிலோ எடையுள்ள கோக்கனி பிடிபட்டு உலக சாதனையாகப் பதிவானது. சாதாரணமாகப் பிடிபடும் கோக்கனி அரைக் கிலோவைத் தொடுவதே நல்ல எடை.

பிடிக்கும் முறையும் அதன் காரணமும்

மிதவை உயிர் தின்னும் மீனைத் தூண்டிலில் பிடிப்பது எப்படி? புள்ளி அளவு இரையை முள்ளில் கோக்க முடியாது. கரையில் உட்கார்ந்து மண்புழு போட்டால் பெரும்பாலும் வேறு மீன்தான் வரும். ஆகவே கோக்கனிக்கென்று ஒரு முறையே வளர்ந்திருக்கிறது.

1. ஆழம். கோடையில் ஏரி அடுக்குகளாகப் பிரியும். மேலே வெதுவெதுப்பான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர், நடுவில் சில மீட்டருக்குள் சட்டென்று குளிரும் ஓர் அடுக்கு. அதற்குத் தெர்மோக்ளைன் என்று பெயர். கோக்கனிக்குப் பிடித்தது 10 முதல் 13 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் அந்தக் குளிர்ச்சி மேற்பரப்பிலேயே கிடைக்கும். ஆகஸ்டில் இருபது மீட்டர், அதற்கும் கீழே தேட வேண்டியிருக்கும். மீன் காணாமல் போகவில்லை, கீழே இறங்கியிருக்கிறது.

2. ஆழத்துக்குக் கொண்டுபோவது. டவுன்ரிகர் என்ற கருவியில் கம்பியின் நுனியில் நான்கைந்து கிலோ ஈயக்குண்டு தொங்கும். தூண்டில் நரம்பை அதில் ஒரு கிளிப்பால் மாட்டி வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். மீன் கடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட்டுவிடும், குண்டின் பாரம் இல்லாமல் மீனோடு மட்டும் விளையாடலாம்.

3. வேகம். படகை மணிக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி இரையை இழுத்துப்போவது, அதாவது ட்ரோலிங். நடந்துபோகும் வேகத்தில் பாதிதான். நேர்கோட்டில் போகாமல் பாம்பு போல வளைந்து போனால், ஒரு பக்கத் தூண்டில் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் போகும். எந்த வளைவில் கடிக்கிறது என்று பார்த்து அன்றைய வேகத்தைக் கண்டுபிடிப்பார்கள்.

4. கவர்ச்சி. முன்னால் பளபளக்கும் உலோகத் தகடு, அதன் பின்னால் ஒரு சாண் தள்ளி இளஞ்சிவப்போ ஆரஞ்சோ நிறத்தில் சின்ன ரப்பர் கணவாய் அல்லது சுழலும் மணி. முள்ளில் வெள்ளை மக்காச்சோள மணி ஒன்று, அதுவும் சூரை எண்ணெயிலோ சோம்பு வாசனையிலோ ஊறவைத்தது. கோக்கனி சோளம் தின்னும் மீன் கிடையாது. கூட்டத்துக்குள் நுழைந்து ஆடும் பொருளை எரிச்சலில் கவ்வுகிறது என்பது தூண்டில்காரர்களின் விளக்கம். வாசனை ஏந்தி நிற்கச் சோளம் வசதி. சில மாநிலங்களில் சோளத்துக்கு அனுமதி உண்டு, சில இடங்களில் கிடையாது, பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. மென்மையான வாய். மிதவை தின்னும் வாய்க்குத் தசை உறுதி குறைவு. வேகமாக வெட்டி இழுத்தால் உதடு கிழிந்து மீன் போய்விடும். ஆகவே வளையும் மெல்லிய கோல், நரம்பில் ஒரு ரப்பர்த் துண்டு, கடைசியில் கண்டிப்பாகக் கைவலை.

பிடித்தபின் செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு உடனே ஐஸில் வைக்க வேண்டும். சதை சிவந்து, எண்ணெய்ப்பசையோடு, சால்மன் குடும்பத்திலேயே மிகச் சுவையான மீன்களில் ஒன்று. புகையில் வாட்டினால் அதன் அருமை தெரியும். தோல் சிவக்கத் தொடங்கிய மீனில் அந்தச் சுவை போய்விடும், சதை வெளுத்துக் குழைந்திருக்கும். இன்னொன்று: பிடித்துத் திருப்பி விடும் பழக்கம் கோக்கனிக்கு ஒத்துவராது. செதில் லேசாகத் தொட்டாலே உதிரும்; குளிர்ந்த ஆழத்திலிருந்து வெதுவெதுப்பான மேற்பரப்புக்கு இழுத்துவந்த மீனை விட்டால் நீந்திப் போவது போலத் தெரியும், பல நேரம் பிழைக்காது. வரம்பு நிறைந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவதே சரி.

உணவாக விட்ட இறால், உணவைத் தின்ற கதை

கோக்கனி ஏரிகளின் வரலாற்றில் மிகப் பெரிய தவறு நல்லெண்ணத்தில் நடந்தது. 1949இல் கூட்னே ஏரியில் மைசிஸ் என்ற நன்னீர் இறாலைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் சென்னாக்கூனி அளவுதான், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ரெயின்போ ட்ரவுட்டுக்குத் தீனியாகும் என்பது எண்ணம். ட்ரவுட்டுக்குப் பெரிய பலன் இல்லை. ஆனால் ஏரியின் மேற்குக் கிளையில் கோக்கனி திடீரென்று உருவத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெருத்தது. அந்தக் கிளைக்குள் நுழையும் இடம் ஆழமற்ற மேடு. ஆழத்தில் இருக்கவேண்டிய இறாலை நீரோட்டம் அந்த மேட்டின் மீது தூக்கிப்போட, கோக்கனிக்கு விருந்தாகிவிட்டது.

மேடு என்ற அந்த ஒரு விசேஷத்தால் நடந்ததை எல்லா ஏரிக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் மேற்கு வட அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவியாவிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளில் மைசிஸ் இறங்கியது. டாஹோவில் 1963 முதல் 1965 வரை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒகனாகன் ஏரியிலும் ஐடஹோவின் பாண்டொரே ஏரியிலும் 1966இல்.

மேடு இல்லாத ஏரியில் என்ன ஆகும்?

1. மைசிஸ் பகலில் அடியாழத்துக்குப் போய் இருட்டில் ஒளிந்துகொள்ளும். கோக்கனி கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன், வெளிச்சம் வேண்டும். இரண்டும் சந்திப்பதே இல்லை.

2. இரவில் மைசிஸ் மேலே ஏறி டாப்னியாவைத் தின்னும். கோக்கனிக்குத் தீனியாக வந்தது, கோக்கனியின் தீனியைப் பறிக்கும் போட்டியாளர் ஆனது. டாஹோவில் 1970 வாக்கில் டாப்னியா ஏறக்குறைய அற்றுப்போனது.

3. அடியாழத்தில் வாழும் லேக் ட்ரவுட்டின் குஞ்சுகளுக்கு மைசிஸ் வாய்க்கெட்டும் உணவு. அவை பிழைத்துப் பெருகும். வளர்ந்தபின் அவற்றுக்குக் கோக்கனி இரை.

ஒருபக்கம் பட்டினி, மறுபக்கம் வேட்டை. இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்து ஃபிளாட்ஹெட் ஏரி காட்டியது. அங்கே லேக் ட்ரவுட்டை 1905இலும் கோக்கனியை 1916இலும் விட்டிருந்தார்கள். இரண்டுமே வெளியூர் மீன்கள், ஆனாலும் அறுபது ஆண்டுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தன. மைசிஸை ஃபிளாட்ஹெட்டில் யாரும் விடவில்லை. 1968 முதல் 1975 வரை மேலே உள்ள ஏரிகளில் விட்டது ஓடைவழியே இறங்கி, 1981இல் ஃபிளாட்ஹெட்டில் தென்பட்டது. அந்த 1981இல் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள் ஓடும் மெக்டொனால்ட் ஓடையில் முட்டையிட ஏறிய கோக்கனி ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றைத் தின்ன வெண்தலைக் கழுகுகள் கூடின. ஒரே நேரத்தில் 639 கழுகுகளை எண்ணினார்கள். 1989இல் ஓடையேறிய மீன் ஏறத்தாழ 50. கழுகு 25.

எட்டே வருடம். கழுகு, கரடி, நீர்நாய் எல்லாம் அந்த ஓடையை விட்டுப் போயின, கழுகைப் பார்க்க வந்த ஆயிரக்கணக்கான மக்களும் வருவதை நிறுத்தினார்கள். ஒரு சென்டிமீட்டர் உயிர் ஒன்று, அதுவும் வேறு ஏரியில் விட்டது, வானத்தில் பறக்கும் பறவையின் பாதையை மாற்றிவிட்டது. ஃபிளாட்ஹெட்டில் கோக்கனி இன்றுவரை மீளவில்லை.

விட்டதை எடுக்க முடியுமா? முடிந்தால் பலன் உண்டு என்பதற்கு டாஹோவில் ஓர் அடையாளம் கிடைத்தது. அதன் எமரால்ட் பே என்ற சிறு வளைகுடாவில் 2011 வாக்கில் மைசிஸ் தானாகவே சரிந்தபோது டாப்னியா திரும்பி வந்தது, தண்ணீரும் தெளிந்தது. ஆனால் ஆழமான பெரிய ஏரி முழுவதிலும் வலைபோட்டு இறாலை அள்ளுவது வேறு அளவிலான வேலை. ஒகனாகனில் அந்த வேலையில் இறங்கினார்கள். அங்கே 1995இல் கோக்கனி பிடிப்பையே மூட வேண்டியிருந்தது.

அணை தடுத்த சத்து

கூட்னே ஏரிக்கு இரண்டாவது அடி மேலே கட்டிய அணைகளிலிருந்து வந்தது. 1967இல் டங்கன் அணை, 1970களின் தொடக்கத்தில் லிபி அணை. ஆறு சுமந்துவரும் வண்டலும் அதோடு ஒட்டிய பாஸ்பரஸும் நீர்த்தேக்கத்தில் படிந்துவிட, கீழே ஏரிக்கு வந்தது சத்தில்லாத தண்ணீர். ஏற்கெனவே ஏழை ஏரி. பாசி குறைந்தது, டாப்னியா குறைந்தது, கோக்கனி குறைந்தது.

அதற்கு எடுத்த மருந்து கேட்பவரைத் திகைக்க வைக்கும்: ஏரிக்கு உரம். 1992 முதல் வடக்குக் கிளையில் கோடைதோறும் திரவ உரத்தைக் கப்பலிலிருந்து அளந்து ஊற்றுகிறார்கள்; தெற்குக் கிளையில் 2004இல் தொடங்கினார்கள். வயல் உரம் ஓடிவந்து ஏரி பாசிபிடித்துக் கெடுவதைப் பற்றி எங்கும் கவலைப்படுகிறோம். இங்கே அதையே வேண்டுமென்று செய்கிறார்கள், அணை பறித்த அளவைத் திருப்பிக் கொடுக்கும் கணக்கில். பலன் கிடைத்தது. கோக்கனி மீண்டும் லட்சக்கணக்கில் ஓடையேறியது.

அணை வேறு வழியிலும் கெடுக்கும். பாண்டொரேயில் கோக்கனி பெருமளவு கரையோரக் கூழாங்கல்லில் முட்டையிடும். மின்சாரத்துக்காகக் குளிர்காலத்தில் நீர்மட்டத்தை இறக்கினால் நல்ல கூழாங்கல் கரையில் காய்ந்து நிற்கும். ஜப்பானின் தாசாவா ஏரியில் இதைவிட மோசம் நடந்தது. அங்கே மட்டும் வாழ்ந்த குனிமாசு என்ற கோக்கனியின் நெருங்கிய உறவு மீன், 1940இல் மின்திட்டத்துக்காக அமிலத்தன்மை கொண்ட ஆற்றுநீரை ஏரிக்குள் திருப்பியதும் பூண்டோடு அழிந்தது. அழிந்ததாகவே எழுதியும் வைத்துவிட்டார்கள். ஆனால் 1935இல் அதன் முட்டைகளைச் சில ஏரிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். 2010இல், ஃபுஜி மலையடிவாரத்தில் உள்ள சாய் ஏரியில் அது உயிரோடு இருப்பது தெரியவந்தது. இந்தக் கதைகளுக்குள் மனம் குளிர்கிற ஒன்று அதுதான்.

சரி, ட்ரவுட் தலைக்குப் பரிசு ஏன்?

உரம் போட்டுப் பெருகிய கோக்கனியைத் தின்று ஜெரார்ட் ட்ரவுட்டும் புல் ட்ரவுட்டும் பெருகின. தூண்டில்காரர்களுக்குப் பொற்காலம். வேட்டை மீன் ஓர் அளவைத் தாண்டியதும் கோக்கனி சரிந்தது. பத்து லட்சத்துக்கு மேல் ஓடையேறிய ஏரியில் 2015இல் இருபதாயிரம்கூட ஏறவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். இரை குறைந்தால் வேட்டை மீனும் குறையுமே, அப்புறம் இரை தானாக மீளுமே? பாடப்புத்தகத்தில் அப்படித்தான். கூட்னேயில் நடந்தது வேறு. வேட்டை மீன்களுக்கு ஆயுள் அதிகம். மெலிந்து, வளராமல், வேறு இரையைக் கொறித்துக்கொண்டு பல வருடம் தாக்குப்பிடிக்கும். மிஞ்சிய கோக்கனி உணவு தாராளமாகக் கிடைத்து நன்றாகப் பெருத்தது, முட்டையும் அதிகம் போட்டது. ஆனால் பொரித்த குஞ்சுகள் ஒரு வயதைத் தாண்டுவதற்குள் காத்திருந்த வாய்களுக்குள் போயின. இரை ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால் ஏறமுடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும் இந்த நிலையைச் சூழலியலாளர்கள் வேட்டைக் குழி என்கிறார்கள். குழியிலிருந்து மேலே வரப் பட்டினியை மட்டும் நம்பினால் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே மனிதர் கையால் வேட்டை மீனைக் குறைத்தார்கள். முட்டைகளை வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டும் பார்த்தார்கள்.

இந்த வழி பலிக்கும் என்ற நம்பிக்கைக்குப் பாண்டொரே ஆதாரம். அங்கே 2000இல் கோக்கனி பிடிப்பை மூடினார்கள். 2006 முதல் லேக் ட்ரவுட்டைச் செவுள்வலை போட்டு அள்ளினார்கள், தூண்டில்காரருக்குத் தலைக்கு 15 டாலர் கொடுத்தார்கள். 2013இல் கோக்கனி பிடிப்பு மறுபடியும் திறந்தது. வேறுபாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாண்டொரேயின் லேக் ட்ரவுட் வந்தேறி. ஒழித்தாலும் வருந்த ஆள் குறைவு. கூட்னேயின் ஜெரார்டும் புல் ட்ரவுட்டும் மண்ணின் மீன்கள். ஏரிக்கு அவையும் வேண்டும். எவ்வளவு குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதில் அங்கே கருத்து மோதல் வருவது அதனால்தான். என் பார்வையில், மெலிந்து தலை பெருத்துத் திரியும் நூறு ட்ரவுட்டைவிட, கொழுத்த இருபது ட்ரவுட் அந்த இனத்துக்கே நல்லது.

இன்னும் உயரத்தில்: மீனே இல்லாத ஏரிகள்

கோக்கனி ஏரிகள் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளில் இருப்பவை. மரங்கள் முடியும் உயரத்தில் இருக்கும் சின்ன ஏரிகளின் கதை தனி. அருவிகள் வழியை அடைத்ததால் அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் இயற்கையில் மீனே கிடையாது. இன்று அங்கே பிடிபடும் ரெயின்போ, கட்த்ரோட், புரூக் ட்ரவுட் எல்லாம் முன்பு கோவேறு கழுதை முதுகில் பால்கேனிலும், பிற்பாடு விமானத்திலிருந்தும் கொட்டியவை. யூட்டாவில் விரல் நீளக் குஞ்சுகளை 1950களிலிருந்து விமானத்திலிருந்து ஏரியில் தூவுகிறார்கள். உடல் லேசு என்பதால் இலை விழுவது போல இறங்கிப் பிழைத்துவிடும். நீலகிரியின் அவலாஞ்சியிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட்டுக்கும் பூர்வீகம் இந்தப் பசிபிக் கரைதான்.

மீன் வந்ததால் இழந்தவையும் உண்டு. சியெரா நெவாடாவின் மஞ்சள்கால் தவளையின் தலைப்பிரட்டைகள் ஓரிரு குளிர்காலத்தை ஏரியிலேயே கழிக்க வேண்டும். ட்ரவுட் உள்ள ஏரியில் அது நடக்காது. அங்குள்ள தேசியப் பூங்காக்களில் 1991இல் மீன்விடுவதை நிறுத்தினார்கள். சில ஏரிகளில் வலைபோட்டு ட்ரவுட்டை முழுக்க எடுத்தபோது தவளைகள் திரும்பின. பூஞ்சை நோய் ஒன்றும் அந்தத் தவளைகளைத் தாக்குகிறது என்பதால் போராட்டம் முடியவில்லை.

விதிப்புத்தகத்தில் எதைப் பார்ப்பது?

1. கோக்கனிக்குத் தனி வரம்பு இருக்கிறதா? வரம்பு பெரிதாக இருந்தால் ஏரியில் கூட்டம் அதிகம் என்று பொருள். மீன் சின்னதாக இருக்கும், தயங்காமல் எடுக்கலாம். பூஜ்யம் என்றால் அந்த ஏரி மீட்பில் இருக்கிறது.

2. முட்டையிடும் ஓடைகள் எப்போது மூடல்? ஓடைக்குள் இறங்கி நடப்பதும் கூழாங்கல்லில் புதைந்த முட்டையை நசுக்கும். முட்டை குளிர்காலம் முழுக்க அங்கேதான் இருக்கும். மீன் செத்துப்போன பிறகும் ஓடை காலி என்று நினைக்கக்கூடாது.

3. வேட்டை மீனுக்கு வரம்பே இல்லை என்று எழுதியிருக்கிறதா? அப்படியென்றால் பிடித்த லேக் ட்ரவுட்டைத் திருப்பி விடாதீர்கள்.

4. படகுச் சோதனை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஏரிக்குப் போகும் வழியில் படகை நிறுத்தி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குவாகா என்ற சிப்பிக்காகத்தான் அது. அந்தச் சிப்பி தண்ணீரை வடிகட்டி மிதவை உயிர்களைத் தின்னும், அதாவது மைசிஸுக்குப் பிறகு டாப்னியாவின் சட்டியில் கைவைக்கும் இன்னொரு வாய். 2023 செப்டம்பரில் ஐடஹோவில் ஸ்னேக் ஆற்றில், ட்வின் ஃபால்ஸ் அருகே அதன் குஞ்சுகள் தென்பட்டதும் மாநில அரசு ஆற்றின் அந்தப் பகுதியையே மூடி, தாமிரம் கலந்த மருந்தை ஊற்றியது. அதில் ஆற்று மீன்களும் செத்தன. அதைத் தெரிந்தேதான் செய்தார்கள், ஏனென்றால் ஒரு பெரிய ஏரிக்குள் நுழைந்து பரவிவிட்ட சிப்பியை வெளியே எடுக்க இன்றுவரை வழி இல்லை.